இடக்கையால் எறிந்த மூடி

இன்றும் யாராவது, "உங்களுக்கு இடக்கைப் பழக்கமா?" என்று கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கேட்பவரில் பிழை இல்லை. நான் தேங்காய் திருவுவதையும் கதவைத் தள்ளுவதையும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதைப் பாவம் பார்க்கும் முகத்தோடு கேட்பதுதான் எனக்குப் பொறுக்காது. நான் பிறந்தது வலக்கைக்காரியாக. இந்த இடக்கை நான் பாடுபட்டுப் பழக்கியது. அதுவும் சோற்றுக்காகவோ தொழிலுக்காகவோ இல்லை, ஒரு விளையாட்டுக்காக. விளையாட்டுக்கா இவ்வளவு பாடு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

இலங்கையின் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வடக்கே நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக ஒரு குளம். குளத்தின் இந்தப் பக்கம் எங்கள் குடிசைகள், அந்தப் பக்கம் பழைய ஊர். வயல்கள் அவர்களுடையவை. களை பிடுங்குவதும், கதிர் விளைந்தால் அருவி வெட்டுவதும் நாங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்த புதிதில் கூரை வேயக் கிடுகு தந்தார்கள், விதைநெல் தந்தார்கள். ஆனால் நாங்கள் வாயைத் திறந்து கதைத்தால் அவர்களுடைய உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டார் என்பார்கள். சிலர் முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். அதற்கு நான் ஒருநாளும் தலையைக் குனிந்துகொண்டு போனதில்லை. அம்மாவுக்கு என் வாய்தான் பெரிய கவலை.

வயலுக்குப் போகும் வழி குளக்கட்டு. ஒரு கோடையில், தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர்கள், காலியான தகர ரின்களைக் கட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரின்களைத் தண்ணீர் மொள்ள வீட்டுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த மூடிகளை நாங்கள் இளசுகள் பொறுக்கினோம். விளிம்பு கையை வெட்டாதபடி கல்லில் வைத்துத் தட்டி உள்ளே மடித்தால், மூடி நல்ல வட்டமாகக் கனமாக வரும். நாலு விரலை அடியில் கொடுத்து, பெருவிரலை மேலே வைத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து மணிக்கட்டைச் சுண்டிவிட்டால் அது சுழன்றுகொண்டே போகும். அந்தச் சுழற்சியைப் பார்த்தவர்களுக்கு மறுபடி எறியாமல் இருக்க முடியாது.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எறிந்தோம். பிறகு அதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. காட்டுவழி குளக்கட்டில் வந்து ஏறும் இடத்தில், ஒரு வீரை மரத்தடியில் பிள்ளையார் கல் இருந்தது. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு இலைக்குழையை முறித்து அந்தக் கல்லின் முன்னால் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அது அந்த நாட்டு வழக்கம். நாங்களும் குழை போட்டுவிட்டு அந்த இடத்தில் நின்று முதல் எறியை எறிவோம். முதலாவது குறி பாலை மரம். மூடி மரத்தின் அடியில் பட்டு "டங்" என்று சத்தம் வரும்வரை, விழுந்த விழுந்த இடத்திலிருந்து எறிய வேண்டும். பட்டதும் அங்கிருந்து அடுத்த குறி, துருசுக் கல். பிறகு கட்டு வளைகிற இடத்துக்கு அப்பால் நிற்கும் மருது. பிறகு இலுப்பை. கடைசியாக வயல் முகப்பில் புளியமரம். குறைந்த எறியில் புளியமரத்தைத் தொட்டவர் வென்றவர். குளத்தில் மூடியைப் போட்டால் அவர் ஆட்டத்துக்கு வெளியே.

எங்களைப் பார்த்து அக்கரை இளைஞர்களும் எறியத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்துக்குள், தையில் மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கலன்று பின்னேரம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடுவது என்று வந்துவிட்டது. பக்கத்துக்கு மூன்று பேர், மூவரின் எறியையும் கூட்டிக் கணக்கு. மற்ற நாளெல்லாம் அவர்கள் வரம்பில் நிற்பார்கள், நாங்கள் சேற்றில் நிற்போம். அந்த ஒரு பின்னேரம் மட்டும்தான் ஒரே கோட்டில் நிற்போம். அதனால்தான் அந்த மூவரில் ஒருத்தியாக நிற்பது எனக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மிகக் குறைந்த எறி என்னுடையது. பெண்பிள்ளை என்று யாரும் தள்ளவில்லை, தள்ளினால் தோற்போம் என்று தெரியும்.

எனக்குப் பதினெட்டு வயது நடந்த பங்குனியில் நெல் சூடடிப்பு முடிந்து, உழவு மெசின் பின்னால் இழுத்துப் போகும் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேலே ஏறி இருந்து வந்தேன். வாய்க்காலில் பெட்டி சரிந்தது. மூட்டைகள் விழவில்லை, நான் விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. முறிவுக்குப் பத்துப் போடுகிறவர் உளுந்தம்மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். நன்றாகத்தான் கட்டினார். கட்டு அவிழ்த்தபோது எலும்பு பொருந்தியிருந்தது. மண்வெட்டி பிடிக்க முடிந்தது, தண்ணீர்க் குடம் தூக்க முடிந்தது. மணிக்கட்டு மட்டும் திரும்பாது. மூடியை எடுத்துச் சுண்டினால் அது என் காலடியில் பொத்தென்று விழுந்தது.

அன்று நான் அழுதேன். குளக்கட்டில் தனியாக இருந்து, வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அண்ணன்தான் எங்கள் பக்கத்துக்குத் தலைவன். என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் நிறைய யோசிக்கவில்லை.

"இனிமே மச்சான் எறியட்டும். நீ மூடி பொறுக்கிக் குடு," என்றான். மச்சான் என்பது மாமாவின் மகன், பனையளவு உயரம், குறி பார்க்கத் தெரியாது.

"நான் எறிவேன்," என்றேன்.

"எதுல எறிவ? காலுலயா?"

"இன்னொரு கை இருக்கில்ல."

அண்ணன் சிரித்த சிரிப்பில் குடிசைக்குள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பீச்சாங்கையிலயா? ஊரெல்லாம் பாக்கிற எடத்துல? ஏற்கெனவே கை ஒடஞ்ச பொண்ணுன்னு பேச்சு. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வர வேணாமா?" என்றார். கை உடைந்ததைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவன் வராமலே இருக்கட்டும் என்றேன். அகப்பைக் காம்பால் ஒன்று விழுந்தது. அது அம்மாவின் வலக்கையால் விழுந்த அடி, நன்றாகவே விழுந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் நான் குளத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வரும் பட்டிப்பொங்கலுக்கு மூவரில் ஒருத்தியாக நான் நிற்க வேண்டும், நான் எறிவது எண்ணப்பட வேண்டும். மூடி பொறுக்கிக் கொடுப்பவளாக நான் அந்தக் கட்டில் நிற்கப் போவதில்லை.

இடக்கை என்று ஒன்று எனக்கு இருந்ததே அப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அதுவரை அது மற்றக் கைக்குத் துணையாகப் பாத்திரம் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. மூடியைக் கொடுத்து எறி என்றதும் திகைத்துப் போய்விட்டது. முதல் மூடி எனக்குப் பின்னால் போனது. எப்படிப் போனது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது நேரே மேலே போய் என் தலைக்கே வந்தது. மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்றின் முதுகில் ஒன்று பட்டது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. கோபத்தில் மூடியை மண்ணில் ஓங்கி அடித்தேன். அந்த எறி மட்டும் நேராகப் போனது.

கைதான் பிழை என்று முதலில் நினைத்தேன். பிழை முழு உடம்பிலும் இருந்தது. வலக்கையால் எறியும்போது எந்தக் கால் முன்னுக்கு நிற்கும், இடுப்பு எப்போது திரும்பும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தெரியாமலே தெரிந்திருந்த அந்த விஷயமெல்லாம் இப்போது எனக்கு எதிராக நின்றது. இடக்கையில் மூடியை வைத்துக்கொண்டு வலக்கைக்காரியாகவே கால் வைத்தேன். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இழுபட்டு விழப் பார்த்தேன்.

கோடை வந்து குளம் வற்றியது. தண்ணீர் வற்றினால் ஊரெல்லாம் கவலைப்படும். நான் சந்தோசப்பட்டேன். வெடித்துக் கிடந்த குளத்துக்குள் எவ்வளவு எறிந்தாலும் மூடி தொலையாது. வேலை முடிந்து மற்றவர்கள் போனபின் இறங்கி எறிவேன். வீட்டிலும் இடக்கையை விடவில்லை. முற்றம் கூட்டினேன், விறகு பிளந்தேன், அரிசி புடைக்கப் பார்த்து அரிசியை முற்றமெல்லாம் சிந்தினேன். கோழிகளுக்கு நல்ல காலம். அம்மாவுக்கு என்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

உண்மையான வழி எனக்கு ஒரு சண்டையில் கிடைத்தது. அண்ணன் வாய்க்காலின் அந்தப் பக்கம் நின்று எறிந்து பழகிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் அவனுக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது காலை முன்னுக்கு வைத்தான். எனக்கு நேரே இருந்தது என் இடது கால், அதை வைத்தேன். அவன் வலது தோளைத் திருப்பினான். நான் என் இடது தோளைத் திருப்பினேன். கண்ணாடியில் முகம் பார்ப்பது போல அவன் செய்ததையெல்லாம் நான் செய்தேன், யோசிக்காமல் செய்தேன். கை தானாகச் சுண்டியது. மூடி சுழன்றுகொண்டு, அழகாக, அவன் தலைக்கு மேலால் போனது.

"என்னாடி, எனக்குப் பழிப்புக் காட்டுறியா?" என்று கத்தினான்.

"இன்னொருக்கா எறிண்ணே! தயவுசெஞ்சு எறி!" என்றேன்.

அவன் தயவு செய்யவில்லை, மண்ணாங்கட்டியை எறிந்தான். பரவாயில்லை. அதற்குப் பிறகு அவன் எங்கே எறிந்தாலும் நான் எதிரே போய் நின்றேன். அவனுக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. எரிச்சலில் அவன் இன்னும் நன்றாக எறிந்தான், நான் இன்னும் நன்றாகப் பார்த்தேன்.

மாரி தொடங்கிக் குளத்தில் தண்ணீர் ஏறியபோது என் மூடி ஓரளவு நினைத்த இடத்துக்குப் போனது. ஆனால் அதில் ஒரு குணம் இருந்தது. வலக்கையால் எறிந்த மூடி வேகம் குறையும்போது எப்போதும் இடப்பக்கம் சாயும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்கேற்பக் குறி பார்ப்போம். என் இடக்கை மூடி வலப்பக்கம் சாய்ந்தது. பாலைக்கும் துருசுக்கும் எறியும்போது அதனால் எனக்குச் சிரமம்தான். ஒருநாள் துருசுக் கல்லில் நின்று மருதைப் பார்த்து எறிந்தேன்.

அந்த இடம் எல்லோரையும் அழவைக்கும் இடம். கட்டு அதில் வலப்பக்கமாக வளைகிறது. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் பள்ளத்தில் பற்றை. நேரே மருதுக்கு எறிந்தால் குளத்தின் மேலால் போக வேண்டும், பிசகினால் மூடி தண்ணீருக்குள். கட்டோடு எறிந்தால் மூடி இடப்பக்கம் சாய்ந்து பற்றைக்குள் போகும். அதனால் வளைவு வரை மெல்ல ஓர் எறி, அங்கிருந்து திரும்பி ஓர் எறி, பிறகு மரத்துக்கு ஓர் எறி. மூன்றுக்குக் குறைய அந்தக் கட்டில் யாரும் மருதைத் தொட்டதில்லை. அன்று என் மூடி கட்டோடு நேரே போய், வளைவு வந்ததும் தானும் வளைந்து, மருதுக்குக் கிட்டப் போய் இருந்தது. அடுத்த எறியில் "டங்".

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இதை யாருக்கும் சொல்லவில்லை.

மார்கழி கடைசியில் அண்ணனிடம் போய், மச்சானும் நானும் எறிகிறோம், குறைந்தவர் பொங்கலுக்கு நிற்பது என்றேன். அவன் மாட்டேன் என்றான். மச்சானுக்குப் பயமா என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன். மச்சானுக்கு ரோசம் வந்துவிட்டது. பாலை வரைக்கும் எறிந்தோம். நான் ஒன்று குறைவு. அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "தோத்தா மொகத்துல முழிக்காத," என்று மட்டும் சொன்னான்.

பட்டிப்பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கிப் படைத்து முடித்து எல்லோரும் கட்டுக்கு வந்தார்கள். இரண்டு கரையும் வந்திருந்தது. எறிகளை எண்ணுவதற்குச் சந்தியில் கடை வைத்திருந்த நானாவைக் கூப்பிடுவோம். அவர் முஸ்லிம், இரண்டு பக்கத்திலும் சேராதவர், இரண்டு பக்கமும் அவருடைய கடையில்தான் சாமான் வாங்கும். எங்கள் ஆறு பேருக்கும் சட்டைப்பை போதாது என்று கையில் ஆறு கடதாசிச் சுருள் வைத்துக்கொண்டு, எறிக்கு ஒரு புளியங்கொட்டை போட்டு எண்ணுவார். அக்கரைத் தலைவர் பெரிய வயல்காரரின் மகன். இருபத்தைந்து வயது இருக்கும், மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டிருந்தார். நாங்கள் களை பிடுங்கும்போது வரம்பில் குடையோடு நிற்பவர் அவர்தான்.

ஆளாளுக்குக் குழை முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டோம். நான் மூடியை இடக்கையில் எடுத்தேன். சிரிப்பு எழும்பியது. சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன, உங்கட பக்கத்தில ஆக்கள் முடிஞ்சு போச்சோ?" என்று வயல்காரர் மகன் அண்ணனைக் கேட்டார். "சரி சரி, எறியட்டும். எங்களுக்கு நல்லதுதானே."

அந்தச் சிரிப்பு என் கைக்குள் போய்விட்டது. முதல் எறி கோணிப் போனது. பாலைக்கு எனக்கு மூன்று எறி பிடித்தது. இன்னும் சிரித்தார்கள். துருசுக் கல்லுக்கு இரண்டு. சிரிப்புக் குறைந்தது. பிறகு துருசில் நின்று மருதுக்கு எறிந்தேன்.

மூடி கட்டோடு போனது. பற்றைக்குள் போகப் போகிறது என்று யாரோ சொன்னது கேட்டது. வளைவில் அது வலப்பக்கம் சாய்ந்தது, குளக்கரையைத் தடவிக்கொண்டு திரும்பியது, மருதுக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் போய் விழுந்தது. அடுத்த எறி மரத்தில் பட்டது. எங்கள் சனம் கத்திய கத்தலில் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

வயல்காரர் மகன் கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. இது சரிவராது. பிள்ளையாருக்குக் குழை போட்டுத் தொடங்கின ஆட்டம். சாமிக்கு முன்னால துவங்கின காரியத்தை இடக்கையால செய்யிறதோ? ஊருக்குக் கூடாது."

நான் இதை இன்றும் நினைத்து நினைத்து எரிவதுண்டு. பாலைக்கு நான் மூன்று எறி எறிந்தபோது பிள்ளையாருக்கு என் இடக்கை தெரியவில்லை. துருசுக்கு எறிந்தபோதும் தெரியவில்லை. வளைவைத் தாண்டி அவர்களை நான் வெட்டியதும் பிள்ளையார் கண்ணைத் திறந்துவிட்டாராம். அதைத்தான் நான் அப்படியே சொன்னேன்.

"பாலையடியில எறியேக்க பிள்ளையார் நித்திரையோ?" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டேன்.

"பெரியாக்களோட வாய் காட்டாதை, பிள்ளை," என்றார்.

எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். நானா புளியங்கொட்டைச் சுருள்களை மார்போடு பிடித்துக்கொண்டார். "இது உங்கட சாமிக் காரியம். இதில நான் வாய் துறக்க மாட்டன், மகள். ரெண்டு பக்கத்துத் தலைவரும் என்ன சொல்லுறாங்களோ அதை நான் எண்ணுறன்," என்றார்.

ஆகவே அண்ணன்தான் சொல்ல வேண்டும். அவன் வயல்காரர் மகனைப் பார்த்தான். தை பிறந்துவிட்டது, இன்னும் சில கிழமைகளில் அருவி வெட்டுத் தொடங்கும், யார் வயலில் யார் வெட்டுவது என்று சொல்பவர் அவர். அண்ணன் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். தெரிந்ததற்காக அது சரியாகிவிடாது.

"சோத்தாங்கையில எறி," என்றான் என்னிடம், தலையை நிமிர்த்தாமல். "இல்லன்னா ஒதுங்கிக்க. மச்சான் எறிவான். நீ எறிஞ்சது கணக்குல இல்ல."

அவர்கள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. வயல்காரர் மகனுக்கு நான் யாரோ. அண்ணனுக்கு என் கை எப்படிப் பழகியது என்று தெரியும், எதிரே நின்று அவன் எறிந்த எறியெல்லாம் அதற்குள் இருக்கிறது என்றும் தெரியும். மச்சான் பாவம், மூடியை வைத்துக்கொண்டு மருதைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நானா என் சுருளை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

நான் ஒதுங்கவில்லை. மருதடிக்குப் போனேன். என் மூடியைக் குனிந்து எடுத்தேன்.

"எங்கடி போற?" என்றான் அண்ணன்.

"புளியமரத்துக்கு."

"அதான் கணக்குல இல்லன்னாச்சே!"

"கணக்கு உங்களோடது. கட்டு எல்லாருக்கும் பொது."

இலுப்பையைப் பார்த்து எறிந்தேன். இடக்கையால்தான், வேறு எதனால்? கோபம் நேராகக் கைக்குள் இறங்கி நின்றது. மூடி இலுப்பைக்குக் கிட்டப் போய் விழுந்தது. பின்னால் துருசடியில் அவர்கள் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் சத்தம் கேட்டது. மச்சான் வளைவுக்கு எறிந்தான் போலும், பற்றைக்குள் விழுந்த சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. போய் மூடியை எடுத்து மறுபடி எறிந்தேன். "டங்".

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் வந்தார்கள். அம்மாவும் வந்தார், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் அக்கரைச் சனமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. துருசடியில் நடப்பதைப் பார்க்க வேண்டியவர்கள், கணக்கில் இல்லாத என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் ஏதோ முணுமுணுத்தார். திட்டுகிறாரோ என்று பார்த்தேன். "பாத்து எறிடி," என்றார்.

இலுப்பையடியிலிருந்து புளியமரம் வயல் காற்றுக்கு நேரே நிற்கும். காற்று மூடியைத் தூக்கும், பதித்து எறிய வேண்டும். பதித்து எறிந்தேன். மூடி நெற்கதிர்களுக்கு மேலால் தாழ்ந்து போய்க் கட்டின் ஓரத்தில் உருண்டு நின்றது. இன்னும் ஓர் எறி. அதை எடுத்துக்கொண்டு நான் நிற்கும்போது, கட்டு முழுவதும் எனக்குப் பின்னால் நின்றது. இப்போது பிசகினால் என்ன, கணக்கில்தான் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை நான் துரத்தினேன். எனக்கு அது கணக்கில் இருந்தது.

எறிந்தேன். புளியமரத்தின் அடியில், நடுவாகப் பட்டது. அந்தச் சத்தம் வயல்வெளியெல்லாம் போனது.

திரும்பினேன். சனத்துக்கு முன்னால் நின்றவர் வயல்காரர் மகன். தன் ஆட்டத்தைத் துருசடியில் விட்டுவிட்டு எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மடிப்புக் கலையாத சேட்டில் பற்றை முள் ஒட்டியிருந்தது. வலக்கையைத் தொடையோடு வைத்துக்கொண்டு என் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை?" என்று கேட்டேன். ஏன் அவரைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது, வாய் அப்படித்தான்.

"பதினொண்டு," என்றார். யோசிக்கவே இல்லை.

அவர் முகம் சிவந்தது. அப்போதுதான் அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல் கணுக்களை எண்ணிக்கொண்டு வந்த பெருவிரல், சுண்டுவிரலின் நடுக்கணுவில் அழுத்தி நின்றது. கணக்கில் இல்லை என்று சொன்னவர், மருதிலிருந்து புளி வரைக்கும் ஓர் எறியைக்கூட விடவில்லை.

நான் எண்ணியதும் பதினொன்றுதான்.